குழாய்க்குள் ஓடாத கம்பி

13.02.2025, வியாழன்

கொலின்ஸ் இன்றைக்கு இறக்கிய, காய்ச்சி வடித்த டிஸ்ரில் வோட்டர் கலன்கள் எட்டில் மூன்றின் மூடி, கை வைத்த உடனேயே திறந்துகொண்டது. சீல் உடைகிற சத்தம் வரவில்லை. கேட்டால், "மிஸ், கொழும்பிலையிருந்து லொறியிலை குலுங்கி வாறது, அப்பிடித்தான் இருக்கும்" என்கிறான். களஞ்சியத்துக்குப் பொறுப்பானவன் சொல்லுகிற பதிலா இது? குலுங்கினால் எட்டும் அல்லவா திறக்க வேண்டும்.

மூன்றையும் ஒதுக்கி வைத்து, மூடியில் பேனையால் புள்ளி குத்திவிட்டு வந்தேன்.

சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவி, அவித்து, தியேட்டருக்குக் கொடுக்கிற பிரிவுக்கு நான் பொறுப்பாக வந்து பதினொரு வருடம். ஒருவரையும் நம்பி ஒரு கத்தரிக்கோல்கூட உள்ளே விட்டதில்லை. அதனால்தான் இதுவரை ஒன்றும் நடக்கவில்லை என்று நான் நினைக்கிறேன். குணலட்சுமி மிஸ் பொல்லாதவள் என்று தியேட்டரில் கதைப்பார்கள். கதைக்கட்டும்.

16.02.2025, ஞாயிறு

புள்ளி குத்திய கலன்களில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து இவருக்குக் காட்டினேன். முகர்ந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தும் பார்த்தார். தண்ணீர் மாதிரித்தான் கிடக்கிறதாம்.

"கொலின்ஸ் வெறுங் கலனுக்குள்ளை பைப்புத் தண்ணியை விட்டு மூடிக்கொண்டு வாறான் எண்டு நினைக்கிறன்."

"நினைக்கிறீரோ, கண்டனீரோ?"

அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருடம் கோப்புப் பார்த்த மனிதருக்கு எல்லாவற்றுக்கும் சாட்சி வேண்டும். கண்ட பிறகு சந்தேகப்பட்டு என்ன பயன்?

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். இணுவிலில் எங்கள் கிணறு நல்ல தண்ணிக் கிணறு. ஒழுங்கையில் நாலு வீட்டுக்காரர் குடிக்க எங்களிடம்தான் அள்ளுகிறார்கள். ஆஸ்பத்திரிக் கிணறு உவர். அதில் கடைசியாக அலம்பக்கூடாது என்பது சரி. இவர் திங்கட்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் இரண்டு கலன் கொண்டுவந்து தந்தால், அங்கே கொதிக்க வைத்து, துணியால் அரித்து, ஆறவைத்து, கடைசி அலம்பலுக்கு அதையே பாவிக்கலாம். கருவிக் கம்பனியின் கையேட்டில் கடைசியாக அலம்புவது டிஸ்ரில் வோட்டரில் என்று போட்டிருக்கிறது. ஏன் என்று போடவில்லை. கிருமிக்காகத்தானே? கொதித்த தண்ணீரில் என்ன கிருமி? அதன் பிறகும் அவிக்கத்தான் போகிறோம்.

பதிவேட்டில் வழமைபோல டிஸ்ரில் வோட்டர் என்றே எழுதுவேன். இல்லாவிட்டால் கொலின்ஸ் ஆயிரம் கதை கட்டுவான்.

24.02.2025, திங்கள்

இன்று முதல் எங்கள் தண்ணீர். கருவிகள் பளிச்சென்று வந்தன.

20.03.2025, வியாழன்

முதுகெலும்புக் கருவிச் செற் எங்கள் பொறுப்பில் நிற்கத் தொடங்கி இரண்டு மாதம். முன்பு ஒவ்வொரு சத்திரசிகிச்சைக்கும் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்து திரும்பிப் போகும். இப்போது கிழமைக்கு மூன்று பேராவது முதுகு உடைந்து வருகிறார்கள், ஆகவே கம்பனி ஒரு பெட்டியை இங்கேயே விட்டிருக்கிறது.

எனக்கு அந்தச் செற்றைப் பிடிக்கும். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் முறிந்த முதுகெலும்பைப் பொருத்த ஒரு சாண் நீளத்துக்குக் கீறித் தசையை விலக்குவார்கள். இப்போது நான்கு சின்னத் துளைகள். துளை வழியாக எலும்புக்குள் ஒரு மெல்லிய கம்பியை விடுகிறார்கள். பிறகு எல்லாம் அந்தக் கம்பியில் கோத்தபடிதான் இறங்கும் - விலக்குகிற குழாய், மரை வெட்டுகிற கருவி, ஸ்குறூ, அதை முறுக்குகிற கருவி. எல்லாவற்றின் நடுவிலும் கம்பி போக ஒரு நீண்ட ஓட்டை. மணி கோக்கிற மாதிரி. கம்பிக்கும் ஓட்டைக்கும் இடையில் ஒரு மயிர் அளவு இடம்.

அந்த ஓட்டைகளைக் கழுவுவதுதான் பெரிய வேலை. பதினாறு குழாய், ஒவ்வொன்றுக்கும் தூரிகை விட்டு, பீச்சி, திரும்பவும் பீச்சி.

பிடிக்காதது கம்பனிப் பையன் டினேஸ். சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டக்காரருடைய மகனாம். ஒவ்வொரு நாளும் புதுச் சேட். சத்திரசிகிச்சைக்கு ஸ்குறூக்களைக் கொண்டு வருகிறவன் என்னத்துக்கு என் கருவித் தட்டைப் படம் எடுக்கிறான்? "கணக்குக்கு மிஸ், கம்பனி கேக்கும்" என்றான். அவன் சாமான் கொண்டுவருகிற பெட்டிக்கு அடியில் இன்னொரு தட்டு இருக்கிறது. என்னைக் கண்டதும் மூடினான். அதில் சாப்பாட்டுப் பெட்டி இருந்தது என்று கஜானி சொல்கிறாள். அவள் எங்கள் பிரிவுக்கு நேற்று வந்த பிள்ளை, யார் சிரித்தாலும் நல்லவர் என்று நினைப்பாள்.

08.04.2025, செவ்வாய்

இன்று முறுக்குகிற கருவி ஒன்றில் கம்பி வழுக்கிக்கொண்டு போகவில்லை. உரசியது. தூரிகை போட்டுத் திரும்பவும் விட்டேன், போனது. ஆனால் முன்பிருந்த ஓட்டம் இல்லை. எனக்குத் தெரியாதா? பதினொரு வருடக் கை.

இது அந்தக் கருவி இல்லை.

இலக்கத்தைப் பார்த்தேன், அதே இலக்கம். இலக்கம் வெட்டுவது என்ன பெரிய வித்தையா, மணிக்கூட்டுக் கடையில் கொடுத்தாலும் வெட்டித் தருவான். டினேஸ் புதியதை எடுத்து வேறெங்கோ கொடுத்துவிட்டு, தேய்ந்த பழையதை எங்கள் தட்டில் வைக்கிறான். அதற்குத்தான் படம்.

பின்னேரம் அவன் வந்தபோது ஒன்றும் தெரியாதவள் மாதிரிக் கேட்டேன்.

"தம்பி, உந்தக் கருவியிலை கம்பி கொஞ்சம் இறுக்கமாக் கிடக்கு."

வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தான். "உள்ளுக்கு ஏதோ ஒட்டியிருக்கு மிஸ். கழுவேக்கை ஒருக்காப் பாருங்கோ."

என் கழுவலையா சொல்கிறான்? நேற்று முளைத்தவன்.

டொக்டரிடம் இப்போது சொன்னால் மழுப்பிவிடுவான். இன்னும் ஒன்றிரண்டு மாறட்டும். கையும் களவுமாகப் பிடித்த பிறகு சொல்கிறேன்.

14.04.2025, திங்கள்

புதுவருடம். தலையில் வைத்து முழுகக் கோயிலில் தந்த மருத்துநீரில் எல்லாச் சரக்கும் போட்டதா என்று ஐயரிடம் கேட்டேன். இவர் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

08.05.2025, வியாழன்

சாப்பிடாமலே இதை எடுத்து வைத்துக்கொண்டு இருக்கிறேன். எழுதினால்தான் ஆறும்.

காங்கேசன்துறைப் பெடியன். சுபாங்கன். முப்பத்தொரு வயது. படகு அலை மேலே ஏறி விழுந்தபோது முன் அணியத்தில் இருந்தவன் குந்தியபடியே பலகையில் அடிபட்டு, நடு முதுகில் ஒரு எலும்பு நொறுங்கிப் போயிற்று. கால் நல்லாயிருக்கிறது, நரம்புக்கு ஒன்றுமில்லை. நாலு துளை, மூன்று மாதத்தில் படகுக்குப் போகலாம் என்று சுதாகரன் டொக்டர் சொல்லியிருந்தார்.

பதினொரு மணி போலக் கஜானி ஓடி வந்தாள். "மிஸ், டொக்டர் நிப்பாட்டிப்போட்டார்."

போய்க் கதவுக் கண்ணாடியால் பார்த்தேன். டொக்டர் ஸ்குறூவை முறுக்க, ஓட்டைக்குள் இருந்த கம்பி இறுகி, அதுவும் சேர்ந்து முன்னுக்குப் போயிருக்கிறது. எலும்பைத் தாண்டினால் முன்பக்கம் பெரிய இரத்தக்குழாய். தற்செயலாக அந்த நேரம் எக்ஸ்றே எடுத்தபடியால் கண்டார். இன்னும் ஒரு நகக்கண் அளவு போயிருந்தால் -

எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிட்டு, பழையபடி ஒரு சாண் நீளத்துக்குக் கீறித்தான் முடித்தார். நாலு மணித்தியாலம். வெளியே வந்து முகமூடியைக் கழற்றாமலே கேட்டார்: "என்ன மிஸ் இது?"

"இது எங்கடை கருவி இல்லை டொக்டர். மாத்திப்போட்டான்" என்றேன். அவருக்குப் பின்னால் டினேஸ் நின்றான். அவன் முகம் சாம்பலாகப் போனதை நான் கண்டேன். குற்றம் செய்யாதவன் ஏன் அப்படி வெளிற வேண்டும்?

09.05.2025, வெள்ளி

டொக்டர் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். "கருவிகள் மாற்றப்பட்டிருக்க இடமுண்டு. பெட்டியைத் திறந்து மூடும் வசதி கம்பனிப் பிரதிநிதிக்கு இருந்தது. ஏப்ரல் எட்டாம் திகதி இதுபற்றி அவரிடம் கேட்டபோது சரியான பதில் தரவில்லை."

'இடமுண்டு' என்று கவனமாகத்தான் போட்டேன். பொய் ஒரு சொல்லும் இல்லை. ஏப்ரலிலேயே தெரிந்தும் ஏன் டொக்டரிடம் சொல்லவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

16.05.2025, வெள்ளி

டினேஸை வேலையால் நிற்பாட்டியாயிற்று. பெட்டியையும் கொழும்புக்கு எடுத்துவிட்டார்கள். கருவிகள் தேய்ந்துவிட்டன, கழித்துவிடுகிறோம் என்று இரண்டு வரிக் கடிதம். பார்த்தார்களா, பாராமலே எழுதினார்களா? எனக்கென்ன.

மத்தியானம் போன் எடுத்தான். "மிஸ், நான் ஒண்டையும் மாத்தேல்லை. இனி எந்தக் கம்பனியும் என்னை எடுக்காது. என்ரை படங்களிலை எல்லா இலக்கமும் கிடக்கு, ஒருக்காப் பாருங்கோவன்."

"அதைக் கம்பனிக்குக் காட்டும் தம்பி" என்று வைத்துவிட்டேன்.

குரல் அழுத மாதிரி இருந்தது. அழத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள்.

19.05.2025, திங்கள்

புதுச் செற் வந்தது. சீல் வைத்த பெட்டி, என் கையாலேயே உடைத்தேன். கம்பி எண்ணெயில் போவது மாதிரிப் போகிறது. பெட்டியைத் தனி அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். இனி ஒருவரும் தொடட்டும் பார்ப்போம்.

27.06.2025, வெள்ளி

புதுச் செற்றில் கம்பி உரசுகிறது.

முதலில் கஜானியைத்தான் நினைத்தேன். நான் லீவில் நின்ற இரண்டு நாளும் அவளிடம்தான் அலுமாரிப் பூட்டின் திறப்பு இருந்தது. டினேஸோடு சிரித்துக் கதைத்தவளும் அவள்தான். கூப்பிட்டு, "பிள்ளை, உண்மையைச் சொல்லும். ஆரிட்டைக் குடுத்தனீர்?" என்று கேட்டேன். ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது. பிறகு கருவியை என் கையிலிருந்து வாங்கி, பச்சைத் துணியை விரித்து, கம்பியை இரண்டு மூன்று தரம் விட்டுக் குத்தினாள்.

துணியில் வெள்ளைத் தூள் கொட்டியது. மா மாதிரி.

"இது என்ன மிஸ்?"

எனக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. தெரியவில்லை என்று சொன்னேன்.

29.06.2025, ஞாயிறு

இவர் கோயிலுக்குப் போன பிறகு இரண்டு சில்வர் தட்டு எடுத்தேன். ஒன்றில் எங்கள் கிணற்றுத் தண்ணீர், கொதிக்க வைத்து அரித்தது. மற்றதில், பெப்ரவரியில் வீட்டுக்குக் கொண்டுவந்து மூலையில் போட்ட அந்தப் புள்ளிக் கலனின் தண்ணீர். இரண்டையும் அடுப்பில் வைத்து வற்றவிட்டேன்.

கொலின்ஸின் தட்டில் ஒன்றும் இல்லை. முகம் பார்க்கலாம்.

எங்கள் தட்டில் வெள்ளை வட்டம். விரலால் சுரண்டினேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினேன், கஜானி குத்தி விழுத்தின அதே தூள்.

சுண்ணாம்பு. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். தண்ணி கொதிக்க வைக்கிற கேத்திலுக்குள் படிகிறதை மாதம் ஒருக்காப் புளி போட்டுத் தேய்க்கிறவள். எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் ஒன்றில் நல்ல தண்ணி, ஒன்றில் உவர். நல்ல தண்ணி என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அதற்குள் வேறொன்றும் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறை அலம்பி அவிக்கும்போதும் குழாய்க்குள் நின்ற துளித் தண்ணீர் காய்ந்து காய்ந்து, ஒரு மயிர் அளவு இடத்தை அடைத்திருக்கிறது.

கொலின்ஸ் களவெடுக்கேல்லை. டினேஸ் மாத்தேல்லை. நான்தான்.

தட்டைக் கழுவி அடுக்கிவிட்டேன். இவர் வந்து என்ன புகை மணம் என்று கேட்டார். பால் பொங்கிவிட்டது என்றேன்.

30.06.2025, திங்கள்

செற்றைச் சுண்ணாம்பு கரையப் புளிப்பு வினாகிரியில் ஊறவைத்துத் துப்புரவாக்கினேன். பேசாமல் டிஸ்ரில் வோட்டருக்கு மாறிவிட்டேன். இவரிடம் இனிக் கலன் கொண்டுவர வேண்டாம் என்று சொன்னேன். கம்பி வழுக்கிக்கொண்டு போகிறது.

பழைய பெட்டியைக் கழித்துவிட்டார்கள். பதிவேட்டில் முதல் நாளிலிருந்தே டிஸ்ரில் வோட்டர் என்று என் கையெழுத்தில் இருக்கிறது. கஜானிக்கு அந்தத் தூள் என்னவென்று தெரியாது. ஒருவருக்கும் தெரியவராது.

அடுத்த வருடம் எனக்குப் பென்சன். இதை ஏன் எழுதுகிறேன்?

01.07.2025, செவ்வாய்

கிளினிக்குக்குச் சுபாங்கன் வந்திருந்தான். நடக்கிறான். ஆனால் முதுகு நிமிர்த்தக் கஷ்டம், குனிந்து வலை இழுக்க இந்த வருடம் ஏலாதாம். வழியில் என்னை மறித்தான். தியேட்டர் உடுப்பைக் கண்டு கேட்டிருக்க வேண்டும்.

"மிஸ், நாலு ஓட்டை எண்டுதானே சொன்னவை. முழிச்சுப் பாத்தா உவ்வளவு நீளம். ஏன் அப்பிடி வந்தது?"

"கருவியிலை ஒரு பிரச்சினை தம்பி."

"கம்பனிக்காரன் கள்ளக் கருவி வைச்சவனாம் எண்டு சொல்லிச்சினம். உண்மையோ?"

ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவசரமாகப் போகிற மாதிரிப் போனேன். மற்றவர்கள் இப்படி நழுவினால் உடனே பிடித்துவிடுவேன்.

04.07.2025, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

சுதாகரன் டொக்டர் வார்ட் சுற்றி முடித்துத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கிணறு, கலன், பதிவேடு, ஏப்ரல் எட்டாம் திகதி, எல்லாவற்றையும் சொன்னேன். தேநீர் ஆடை படர்ந்து போயிற்று.

"உரசுது எண்டு ஏப்ரலிலையே தெரியுமோ?"

"ஓம்."

"அப்ப ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"அவனைக் கையோடை பிடிக்க வேணும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான் டொக்டர்."

அவர் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "அந்தப் பெடியனுக்கு நான் சொல்லுறன், நீங்களும் வாங்கோ" என்றார். சுபாங்கனைத்தான் சொன்னார். டினேஸின் கம்பனிக்கு நானே எழுதிக் கையெழுத்து வைத்தேன். இந்தக் கடிதத்தில் 'இடமுண்டு' என்று எங்கும் இல்லை.

திங்கட்கிழமையிலிருந்து பிரிவுக்குக் கஜானி பொறுப்பு. நான் அவளுக்குக் கீழே கழுவுவேன். பென்சன் வரைக்கும் இருக்கலாம் என்று பெரிய மனது வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்லும்போதுதான் அழுதேன். இவர், "நான்தானே கொண்டந்து தந்தனான்" என்று எனக்குப் பக்கத்தில் இருந்தார். கண்டனீரோ என்று கேட்கவில்லை. அதற்காகவும் அழுதேன்.

13.07.2025, ஞாயிறு

சண்டிலிப்பாய்க்குப் போனோம். டினேஸ் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தான். அவனுடைய தாய் கதிரை போட்டா, தேத்தண்ணி தந்தா. நான் யார் என்று அவவுக்குத் தெரியாது போல. தெரிந்த பிறகு தேத்தண்ணிக் கோப்பையை எடுக்க வரவேயில்லை.

கால் சேற்றோடு வந்து நின்றான். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். கம்பனிக்கு எழுதிய கடிதத்தின் பிரதியைக் கொடுத்தேன். வாசித்தான், இரண்டாக மடித்துச் சேட் பொக்கற்றுக்குள் வைத்தான்.

"படங்களைப் பாருங்கோ எண்டு கேட்டனான் மிஸ்."

"ஓம்."

"நீங்கள் பாக்கவே இல்லை."

தண்ணீர் மாறவேண்டும் என்று போய்விட்டான்.

29.07.2025, செவ்வாய்

கம்பனியிலிருந்து பதில் இல்லை. கொலின்ஸிடமும் போய்ச் சொன்னேன். அவனை நான் சந்தேகப்பட்டதே அவனுக்குத் தெரியாதாம், சிரித்தான். உண்மையான சிரிப்பா என்று ஒரு கணம் பார்த்தேன். இந்தப் புத்தி என்னை விட்டுப் போகாது.

19.08.2025, செவ்வாய்

காலை எட்டரைக்குக் கழுவுகிற இடத்துக் கதவு தட்டப்பட்டது. டினேஸ். கம்பனி திரும்ப எடுத்துவிட்டதாம். மெலிந்திருந்தான். கஜானிக்கு மட்டும் குட்மோர்னிங் சொன்னான்.

பத்து மணிக்கு ஒரு முதுகெலும்புக் கேஸ். நான் நேற்றுக் கழுவி அவித்து வைத்த செற்றைத் தியேட்டருக்கு எடுக்க முன்னம் பார்க்க வேண்டும் என்றான். பொதியைப் பிரித்தால் திரும்ப அவிக்க வேண்டும், கேஸ் பின்னுக்குப் போகும் என்று கஜானி சொன்னாள். "டொக்டரிட்டைக் கேட்டிட்டன், போகட்டும்" என்றான் டினேஸ். கைகழுவி, கையுறை போட்டு, பதினாறு குழாயையும் வரிசையாக வைத்தான். ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். பிறகு கம்பியை விட்டான். வெள்ளைக் கடதாசி ஒன்றை விரித்து அதன் மேல் தட்டினான்.

"என்ன தண்ணியிலை அலம்பினது?" முகத்தைத் திருப்பாமல் கேட்டான்.

"டிஸ்ரில் வோட்டர்" என்றேன்.

"கலனைக் காட்டுங்கோ."

எடுத்துக் காட்டினேன். மூடியைத் திருகிப் பார்த்தான். பதிவேட்டையும் கேட்டான்; என் எழுத்தை விரல் வைத்து வரி வரியாக வாசித்தான். பிறகு முதல் குழாயிலிருந்து திரும்பவும் தொடங்கினான்.

கஜானிக்குப் பொறுக்கவில்லை. என் காதுக்குக் கிட்ட வந்து, "எல்லாம் சரியாத்தானே மிஸ் கிடக்கு, எங்களை நம்பேல்லைப் போலை" என்றாள்.

"பாக்கட்டும் பிள்ளை" என்றேன்.

அவன் அவசரப்படவில்லை. நான் பக்கத்தில் நின்று, பார்த்து முடித்ததை வாங்கி ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கினேன்.